அடி மூடிய காற்றுப் பை

விமானத்தை "ஆகாயக் கப்பல்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் மிச்சம்? போன மாதம் கோயில் மண்டபத்தில் எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவருக்கு நான் எதைச் சொன்னாலும் கதை விடுகிறேன் என்று நினைப்பு. அதனால்தான் எழுதி வைக்கிறேன், படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பதில் பர்மியத்தில் வரும். விமானம் போனால் "லேயின்" என்பார்கள், தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். நாம் அப்படியா இருந்தோம்? வடக்கே விமான மைதானத்திலிருந்து ஒன்று கிளம்பினால் போதும், எங்கள் ஊர் இன்சீனில் பாதிப் பேர் தெருவில் நிற்பார்கள். அடுப்பில் சோறு குழைந்துபோகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

போர் அப்போது வேறெங்கோ நடந்துகொண்டிருந்தது. நம் ஊருக்கு இன்னும் வரவில்லை. எனக்கு ஒன்பது வயது. அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் மைதானத்துக்குப் புதிய ஆகாயக் கப்பல்கள் வந்து இறங்கின. குட்டையாக, தடித்து, பீப்பாய்க்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தன. அவற்றை ஓட்டுகிற வெள்ளைக்காரர்கள் மாலையில் லாரியில் சந்தைக்கு வருவார்கள். மீன்சாற்றுச் சேமியா விற்கிற மொஹிங்கா கடையில் உட்கார்ந்து, மிளகாய் கடித்து, கண்ணில் நீர் வழியச் சிரிப்பார்கள். எனக்கு அவர்கள் மலை மலையான பெரிய மனிதர்கள். இப்போது கணக்குப் போட்டால் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். மீசை சரியாக முளைக்காத பிள்ளைகளை "துரை, துரை" என்று ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் அப்பா தையற்காரர். சட்டை, ஜாக்கெட் தைக்கிறவர் இல்லை. கித்தான் தைப்பவர். கூடாரம், குதிரைவண்டிக் கூண்டு, படகுப் பாய் எல்லாம் அவர் கையில் பிறக்கும். வீட்டு முன்னறைதான் கடை. புதுக் கித்தானின் வாசனை, நூலுக்குத் தேய்க்கிற மெழுகின் வாசனை, அப்பாவின் சுருட்டு வாசனை மூன்றும் கலந்ததுதான் எனக்கு வீடு. இன்றைக்கும் மழையில் நனைந்த லாரிப் படுதாவைக் கடந்து போனால் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். பேருந்துக்காரன் திட்டுவான்.

அந்த வருடத் தொடக்கத்தில் கோணூசி அப்பாவின் வலது கட்டைவிரலில் ஏறி, சீழ் வைத்து, நரம்பு போய்விட்டது. விரல் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. ஊசியைப் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அம்மாதான் தைத்தாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பித்தளைக் கூட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கித்தானை முழங்காலுக்கு அடியில் அமுக்கி, ஒரு தையல்கூடக் கோணாமல் தைப்பாள். அப்பா முன்னால் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் பேசுவார். வலது கை எப்போதும் லோன்ஜிக் கைலி மடிப்புக்குள் இருக்கும். தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்தால் மானம் போகும் என்பது மட்டுமில்லை காரணம். பெரியப்பாவுக்குத் தெரியக்கூடாது. அதுதான் பெரிய பயம்.

பெரியப்பா அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். விமான மைதானத்தில் மண் கொட்டுகிற, புல் வெட்டுகிற நம் ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து கத்தினால் அந்தக் கோடியில் இருப்பவன் மண்வெட்டியை எடுப்பான், அப்படி ஒரு தொண்டை. இங்கிலீஷும் கொஞ்சம் வரும். போர் இங்கேயும் வரப்போகிறது என்று அவர் துரைமார் வாயிலாகக் கேட்டிருந்தார். மழை தொடங்கியதிலிருந்து அப்பாவிடம் ஒரே பேச்சு.

"தம்பி, ஒன் பொண்டாட்டியையும் புள்ளையையும் ஊருக்குக் கப்பல் ஏத்திரு. ஒன் தொழில் படுத்திருந்தா இன்னைக்கே ஏத்தியிருப்பேன்."

"கடை நல்லாத்தான் ஓடுதுண்ணே," என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

கடை ஓடுகிறவரை நாங்கள் இங்கே இருக்கலாம். அப்பாவின் கை போனது தெரிந்தால் கப்பல் ஏற வேண்டும். எங்கள் மூவருக்கும் இது பாடம். ஊர் என்று அவர்கள் சொன்னது கடலுக்கு அந்தப் பக்கம்; அதை அம்மா பார்த்ததே இல்லை. இன்சீனில் பிறந்து, இன்சீனில் கன்னத்தில் தனக்காச் சாந்து பூசி வளர்ந்து, நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். ஊர் எப்படி இருக்கும் என்று நான் கேட்டால், "எனக்கென்னத்தத் தெரியும், அங்க ஆறு கூட வத்திருமாம்," என்று முகத்தைச் சுளிப்பாள்.

ஒருநாள் பெரியப்பா முடிச்சுகள் போட்ட ஒரு கயிறோடு வந்தார். சூறைக்காற்றில் மைதானத்துக் கம்பத்தில் பறந்த துணி கிழிந்துபோயிற்றாம். புதியது சீமையிலிருந்து வரவேண்டும், எப்போது வருமோ தெரியாதாம். துரை படம் போட்டுக் கொடுத்த காகிதம் பெரியப்பாவின் வெற்றிலைப் பையில் ஊறிக் கூழாகிவிட்டது. அளவு மட்டும் கயிற்றில் இருந்தது.

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு காட்டுற பைடா. முதல் முடிச்சு வரைக்கும் வாய் அகலம். ரெண்டாவது முடிச்சு வரைக்கும் நீளம். சின்ன முடிச்சு, அடி அகலம். மேலேருந்து ஓட்டுறவன் இதப் பாத்துத்தான் எறங்குவான். சுத்தமா இருக்கணும்."

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். நம் வீடுகளில் அப்போது வழக்கம் தெரியுமல்லவா, புருஷனின் அண்ணனோடு பெண்கள் நேரே பேசக்கூடாது. பேச வேண்டுமென்றால் குழந்தை வழியாக. ஆனால் தைப்பது அம்மா என்று தெரியக்கூடாதே. அதனால் அம்மா என் காதில் சொல்ல, நான் அப்பா கேட்பதுபோல் கேட்க வேண்டியிருந்தது.

"பெரியப்பா, அந்தப் பைக்கு அடி மூடணுமான்னு அப்பா கேட்டாங்க."

அப்பா அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, நீ வாயத் தொறந்து கேக்க மாட்டியா? அடி இல்லாம எங்கடா பை இருக்கு? அடி தொறந்திருந்தா அது குழாயி."

அவ்வளவுதான். பை என்று வாயில் வந்துவிட்டது, பைக்கு அடி வேண்டும். தமிழ் பேசுகிற யாரிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான். அம்மா மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். ஒழுகாமல் இருக்க நூலுக்கு இரட்டை மெழுகு. அடிக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டி, சுற்றிலும் இரண்டு வரிசைத் தையல். அதை வாய் மேலே இருக்கும்படி பிடித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கூடப் பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. "பாத்தியா!" என்று என்னிடம் சொன்னாள். அம்மா தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கம்பத்தில் ஏற்றிய அன்று அப்பாவோடு நானும் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பை காற்றைக் குடித்து உப்பி, இப்படியும் அப்படியும் சுற்றியது. ஓட்டுகிற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். நல்லதுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

அன்று ராத்திரி கடைசி மழை கொட்டியது. அம்மா தைத்த பை ஒரு சொட்டுக்கூட விடாமல் அவ்வளவையும் பிடித்து வைத்துக்கொண்டது. காலையில் நல்ல காற்று. ஆனால் பை நிறைசூலியாகக் கம்பத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பிள்ளை கப்பலோடு சுற்றிக்கொண்டிருந்தான். பையைப் பார்த்தான், காற்றே இல்லை என்று நினைத்தான். காற்றைப் பிடரியில் வாங்கிக்கொண்டு இறங்கினான். கப்பல் நிற்கவில்லை. மைதானம் முடிந்து, புல் முடிந்து, எருமை படுக்கிற பள்ளத்தில் மூக்கை நட்டது.

செய்தி எங்கள் தெருவுக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செய்திக்குப் பின்னாலேயே லாரியும் வந்தது. இறங்கினவன் ஒருவன்தான். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது, தாடையில் பஞ்சு ஒட்டியிருந்தது, முழங்கால் வரை சேறு. பள்ளத்தில் விழுந்தவன் அவனேதான். கையில் பை. லாரி ஓட்டி வந்த பர்மியர் வண்டியை விட்டு இறங்காமல் சுருட்டைப் பற்றவைத்தார். இங்கிலீஷ் தெரிந்த பெரியப்பாவோ மைதானத்தில் பெரிய துரையிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து நின்று, இடது கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "டெய்லர். நான்தான்."

அவன் பையின் அடியைக் காட்டித் தலையை ஆட்டினான். ஏதோ சொன்னான். பிறகு பலகையில் கிடந்த கோணூசியை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். அடியைப் பிரித்துத் தா என்றுதான் கேட்டிருக்கிறான். எங்களுக்கு அது தைத்துக் காட்டு என்று பட்டது. அப்பா பழக்கத்தில் வலது கையை வெளியே எடுத்துவிட்டார். ஊசி விரலில் நிற்காமல் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது. வாசலில் பாதித் தெரு நின்றுகொண்டிருந்தது. அப்பாவை ஜெயிலுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைத்து நான் கத்திவிட்டேன்.

"அப்பா தைக்கல! அம்மாதான் தைச்சது! அம்மா நல்லாத்தான் தைச்சது!"

இத்தனை வருடம் ஆகியும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை அவளையும் அவள் விரலில் இருந்த பித்தளைக் கூட்டையும் பார்த்தான். அவனுக்கு என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றினான். கொஞ்சம் யோசித்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, காலுறையை உருவி, அதன் நுனியில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டி, அம்மாவிடம் நீட்டினான்.

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது. "ஐயோ பாவம், இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தான்," என்றாள். உட்கார்ந்து, மெல்லிய ஊசியில் நூல் கோத்து, அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, "யபாடே, யபாடே," பரவாயில்லை என்று பர்மியத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டே, ஓட்டையைத் தடம் தெரியாமல் மூடிக் கொடுத்தாள்.

அவன் காலுறையைப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தாடைக் காயம் வலித்து "ஆ" என்றான், மறுபடி சிரித்தான். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அம்மா இப்போதுதான் தைத்த நுனியை வெட்டினான்.

"அடப் படுபாவி! தைச்சத வெட்டிப்புட்டானே!"

அவன் காலுறையின் வாயை உதட்டில் வைத்து ஊதினான். காற்று நுனி வழியாக வந்து அம்மாவின் நெற்றி முடியை அசைத்தது. அம்மா நெற்றியைத் தொட்டாள். பையைப் பார்த்தாள். "போறதுக்கு வழி வேணுமா," என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம் பையை மடியில் இழுத்துப் போட்டு, மூன்று நாள் தைத்த அடியை மூன்று நொடியில் வெட்டி எறிந்தாள். சிரித்தாள் பாருங்கள், வேற்று ஆண் முன்னால், தெருவே பார்க்க! அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு சாயங்காலம் வரைதான். பெரியப்பா வந்தார். கையில் கப்பல் சீட்டு இரண்டு இருந்தது.

"கை போச்சுன்னு எங்கிட்டயே மறைச்சிட்டல்ல," என்றார் அப்பாவிடம். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒரு உசுரு போகப் பாத்துச்சு. சரி, அது கெடக்கட்டும். வியாழக்கிழமை கப்பல். தாயும் மகளும் கிளம்பச் சொல்லு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அவர் பேசியதே இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து அம்மா என் பின்னலை இழுக்கவில்லை. அவளே வெளியே வந்தாள்.

"நான் போகல அத்தான்."

பெரியப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "டேய், ஒன் பொண்டாட்டி எங்கிட்ட நேராப் பேசுறா."

"எனக்கு அங்க யாரு இருக்கா? நான் பொறந்தது இங்க. வர்றது வரட்டும், எல்லாரோடயும் சேந்து வரட்டும்," என்றாள் அம்மா.

"டேய், சொல்லுடா அவகிட்ட."

அப்பா நிமிர்ந்தார். வாசலில் அப்போதும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

"அவ சொல்றதுதான்ண்ணே. பத்து மாசமா இந்தக் கடையத் தைக்கிறது அவ. நான் சும்மா நாடாவப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். என் கை அவதான். கையக் கப்பல் ஏத்திட்டு நான் மட்டும் இங்க என்னத்தப் பண்ண?"

நான் அப்பாவைப் போய்க் கட்டிக்கொண்டேன். பெரியப்பா சீட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அம்மா வெடித்தாள். "தன் பொண்டாட்டியும் புள்ளையும் பக்கத்துல இருக்கணும், நம்மள மட்டும் தொரத்தணும்! என்னா மனுஷன்!"

வியாழக்கிழமை காலையில் ஆள் வந்து சொன்னான், பெரியம்மாவும் தங்கச்சியும் ஊருக்குப் போகிறார்கள் என்று. தங்கச்சி என்றால் பெரியப்பாவின் ஒரே மகள், நாலு வயது. நாங்கள் துறைமுகத்துக்கு ஓடினோம். மூட்டை, கூட்டம், கரிப்புகை, அழுகை. பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இது எங்களுக்குன்னு எடுத்த எடம்தான்டி. கொழுந்தன் கை சரியில்லன்னு இவருக்கு எப்பவோ சந்தேகம். 'கை இல்லாதவன் குடும்பம் மொதல்ல போகட்டும், நீங்க அடுத்த கப்பல்ல போலாம்'னு சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன். நீ போகலைன்னதும்தான் எங்கள ஏத்துறாரு."

கப்பல் நகர்ந்த பிறகும் பெரியப்பா தண்ணீர் ஓரத்தில் நின்றார். பக்கத்தில் போய் நிற்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு கொஞ்ச வாரம் மைதானத்து வேலை எல்லாம் அம்மாவுக்கு வந்தது. ஆகாயக் கப்பல் மூக்குக்கு மூடி, இருக்கைக்கு உறை. அந்தப் பிள்ளை இரண்டு தடவை வந்து, அம்மா கொடுத்த வெல்லக் கொழுக்கட்டையைத் தின்றுவிட்டுப் போனான். பிறகு எங்கள் தலைமேலேயும் போர் வந்துவிட்டது. அவன் என்ன ஆனான் என்று தெரியாது. பிழைத்து, ஊர் போய், கிழவனாகி, நம்மைப்போல முட்டிவலியில் முனகியிருக்கட்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன். அவன் பேர்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

குண்டு விழத் தொடங்கியதும் படகில் கியாக்தான் என்ற ஊருக்குப் போனோம். பெரியப்பாவும் எங்களோடுதான். அங்கே வயல்காட்டு ஓரம் ஒரு குடிசையில் போர் முடிகிறவரை நால்வரும் இருந்தோம். அடுத்த கப்பல் என்று அவர் சொன்னாரே, அதில் ஏற நினைத்தவர்கள் பலர் ஏறவே இல்லை. கால்நடையாகக் காடு வழியே போய் வழியில் செத்தவர்களை நமக்கெல்லாம் தெரியும். ஊரிலிருந்து ஒரு கடிதம் கிடையாது. பெரியம்மாவும் தங்கச்சியும் உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூடத் தெரியாது. பெரியப்பா அதைப் பற்றிப் பேச மாட்டார். அம்மாவும் துறைமுகத்தில் கேட்டதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள்.

"அன்னைக்கே ஏன் அத்தான் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஏறியிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப என்னத்துக்குச் சொல்லணும்," என்று அவர் கிண்ணத்தை நீட்டினார்.

போர் முடிந்து, கடிதம் வந்து, அதன்பின் வெகுநாள் கழித்து அவர்கள் கப்பல் வந்தது. நாங்கள் நால்வரும் துறைமுகத்தில் நின்றோம். பெரியப்பா தலைக்கு எண்ணெய் வைத்து, அப்பாவின் சட்டையை வாங்கிப் போட்டிருந்தார். பெரியம்மா இறங்கினாள். அவரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பின்னால் ஒரு ஒல்லிப் பெண், ஒன்பது வயது. பெரியப்பா இரண்டு கையையும் நீட்டினார். அவள் பின்வாங்கி, மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். யாரோ ஒரு கிழவர் தன்னைக் கூப்பிடுகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும்.

மைதானத்தின் கோடிக்குக் கோடி கேட்கிற தொண்டை அது. அன்றைக்கு அதிலிருந்து காற்றுதான் வந்தது. நீட்டின கையை இறக்கத் தெரியாமல் அம்மாவைப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா," என்றார். "நான் யாருன்னு."

அம்மா குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இவருதான்டி ஒங்க அப்பா," என்றாள். "கப்பல்ல எனக்குன்னு இவரு விட்டுக் குடுத்த எடத்துலதான் நீ போன. போ, போய்க் கையப் பிடிச்சுக்க."